கல்யாண நகரத்துச் சரணர்கள்: கேள்வி பதில்

12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் எழுந்த வீரசைவம் என்னும் சிவபக்தி இயக்கத்தின், அதன் அடியார்களான சரணர்களின் சமூக, பொருளாதாரப் பின்புலம் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பசவண்ணர் பிறப்பால் பிராமணர், கல்யாண நகரை ஆண்ட பிச்சள மன்னனிடம் பண்டாரியாக, அதாவது கருவூல அதிகாரியாக, இருந்தவர். அவர் முன்னின்ற இயக்கத்தை எளிய மக்களின் இயக்கம் என்பது பொருந்துமா ஐயா?

பதில்: பசவண்ணரை மட்டும் பார்த்தால் பொருந்தாது. அவரைச் சூழ்ந்திருந்தவர்களைப் பாருங்கள்: ஓடக்காரர் சௌடய்யா, வண்ணார் மாசிதேவர், கயிறு திரித்த நுலிய சந்தய்யா, தோல் பதனிட்ட கக்கய்யா, விறகு விற்ற மாரய்யா. வசனம் என்னும் கன்னட உரைநடைப் பாடல்களைப் பாடிய சரணர்கள் பாடல்தோறும் தம் இட்டதெய்வத்தின் பெயரை முத்திரையாக வைப்பது வழக்கமாக இருக்க, சௌடய்யா மட்டும் 'அம்பிகர சௌடய்யா' என்று தொழிலோடு சேர்த்துத் தம் பெயரையே வைத்தார். ஆயினும் ஒன்றுமற்ற ஏழைகளின் கலகம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். உழைப்பாலும் வணிகத்தாலும் கையில் வருவாய் இருந்தும், கோயிலிலும் சபையிலும் அதற்குரிய இடம் கிடைக்காதவர்களே இதன் முதுகெலும்பு.

கேள்வி: அந்த வருவாய் எங்கிருந்து வந்தது?

பதில்: மேலைச் சாளுக்கியர் காலத்தில், குறிப்பாக ஆறாம் விக்கிரமாதித்தனின் நீண்ட ஆட்சியில் (1076–1126), அவர்கள் தலைநகரான கல்யாணம் பெருநகராயிற்று. ஐயவொளே ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுவினர் நாடு கடந்து வாணிகம் செய்தனர்; நம் கல்வெட்டுகளில் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்று வருபவர்கள் இவர்களே. வெற்றிலைச் சுமைக்கு இவ்வளவு, எண்ணெய்ச் செக்குக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு என்று வரியும் கொடையும் அக்காலக் கன்னடக் கல்வெட்டுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளன. செக்காரும் நெசவாளரும் கொடுத்த அந்தப் பங்கு கோயிலுக்கும் அக்ரகாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பலருக்குக் கருவறைப் பக்கம் போகவும் உரிமை இல்லை. உள்ளவர்கள் சிவாலயம் கட்டுவார்கள், ஏழையாகிய நான் என்ன செய்வேன், என் காலே தூண், உடலே கோயில் என்று பசவண்ணர் பாடியதை வெறும் தத்துவமாகப் படித்தால் பாதிதான் விளங்கும். கழுத்தில் அணியும் இட்டலிங்கத்துக்கு நிலமானியம் வேண்டாம், பூசாரி வேண்டாம். ஊர் ஊராகப் போகும் வணிகனோடும் கூலிக்காரனோடும் அது கூடவே போகும்.

கேள்வி: 'காயகம்' என்பது உழைப்பே வழிபாடு என்பதுதானே?

பதில்: அவ்வளவில் நிறுத்திவிட்டால், முதலாளிக்கு வசதியான பொன்மொழியாகிவிடும். உழைத்து ஈட்டியதில் தேவைக்கு மிஞ்சியதைப் பகிர்ந்தளிக்கும் தாசோகம் அதன் மறுபாதி. சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சேர்ப்பதே ஆய்தக்கி மாரய்யா என்ற இன்னொரு சரணரின் காயகம். ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தபோது, மனைவி லக்கம்மா உலை வைக்கவில்லை. ஆசை அரசனுக்கு உரியது, சிவபக்தருக்கு எதற்கு என்று கேட்டு, மிகுதியை எடுத்த இடத்திலேயே போட்டுவரச் சொன்னார். உபரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்த முறத்து அரிசியில் இருக்கிறது.

கேள்வி: பெண்களுக்கு உண்மையிலேயே இடம் இருந்ததா?

பதில்: முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் வசனங்கள் கிடைத்துள்ளன. அவர்களுள் பரத்தையாக வாழ்ந்த சங்கவ்வையும் ஒருவர். ஒருவரிடம் கூலி வாங்கியபின் இன்னொருவரிடம் வாங்க மாட்டேன் என்று தம் தொழிலின் நாணயத்தையே பக்திக்கு உவமையாக்கியவர் அவர். அவர் பாடியதாக ஒரே ஒரு வசனம்தான் எஞ்சியிருக்கிறது.

கேள்வி: நம் நாயன்மார்களிடமிருந்து வந்ததுதானே இது?

பதில்: அறுபத்துமூவரைச் சரணர்கள் 'புராதனர்' என்று போற்றினர், உறவு மறுக்க முடியாதது. ஆனால் தேவாரம் ஊர் ஊராகக் கோயிலைப் பாடிற்று; சோழர் காலத்தில் கோயிலோடு கோயிலாக வளர்ந்தது. வசனமோ, நிலைத்து நிற்பது அழியும், இயங்குவது அழியாது என்று கோயிலுக்கு முதுகு காட்டிற்று. தாய் ஒன்றானாலும் வளர்ந்த வீடு வேறு.

கேள்வி: கலப்பு மணத்தால்தான் எல்லாம் கலைந்ததா?

பதில்: பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் செருப்புத் தைத்த ஹரளய்யாவின் மகனுக்கும் மணம் நடந்தது, தந்தையர் இருவரையும் மன்னன் கொடூரமாகக் கொன்றான், சரணர்கள் சிதறினர், பிச்சளன் கொலையுண்டான் என்பது மரபு சொல்லும் வரலாறு. அவன் முடிவு 1167–68 அளவில் நேர்ந்தது. தர்மசாத்திர உரையான மிதாட்சரம் எழுதப்பட்டதும் இதே கல்யாணத்தில்தான் என்பதை நினைத்தால், அந்த மணம் எந்த இடத்தில் கைவைத்தது என்பது புரியும். சேர்ந்து உண்பதைப் பொறுத்துக்கொண்ட சமூகம், சொத்தும் குலமும் கைமாறும் மணப்பந்தலில் பொறுக்கவில்லை.

கேள்வி: பின் சாதி எப்படித் திரும்ப வந்தது?

பதில்: தொழிலின் வழியாகவே வந்தது. தொழிலைப் போற்றிய இயக்கம், தந்தை தொழிலை மகன் செய்யும் வழக்கத்தை உடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு காயகமும் மெல்ல ஓர் உட்சாதியாகி, குருமாரான சங்கமரும் வணிகரான பணசிகரும் மேலே அமர்ந்தனர். விசயநகரக் காலத்தில் மடங்கள் வலுப்பெற்றன, நிலக்கொடைகளும் வந்தன. நிலம் வந்தபின், லக்கம்மா திருப்பியனுப்பிய உபரியைக் குத்தகையாகக் கணக்கெழுதி வாங்க மடத்திலேயே ஆள் வேண்டியிருந்தது.