தினமும் நடந்தும் எடை 74 கிலோவிலேயே நிற்கிறதே?

கேள்வி: நான் 43 வயதுப் பெண். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். தினமும் காலையில் வ.உ.சி. மைதானப் பக்கம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஐந்து மாதத்தில் 82 கிலோவிலிருந்து 74-க்கு வந்தேன். அதன் பிறகு இரண்டு மாதமாக முள் அசையவில்லை. அல்வா, வடை எல்லாம் விட்டாச்சு. காபிக்குக்கூட சீனி கிடையாது, கருப்பட்டிதான். தைராய்டுக்கு மாத்திரை எடுக்கிறேன். நடையை ஒன்றரை மணி நேரமாக்கவா, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தவா?

பதில்: இரண்டும் வேண்டாம். இறங்கிய எட்டு கிலோ உங்கள் உடம்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. முழங்காலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதன் பலன் ஏற்கெனவே கிடைக்க ஆரம்பித்திருக்கும். அதனால் மனம் தளராமல் மேலே படியுங்கள்.

82 கிலோவைச் சுமந்து நடக்கும்போது செலவான சக்தி, 74 கிலோவைச் சுமக்கும்போது செலவாவதில்லை. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவும் குறைந்துவிட்டது. போதாததற்கு, சாப்பாடு குறைந்ததும் உடம்பு தன் செலவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 முதல் 200 கலோரி வரை வித்தியாசம் வரலாம். ஆக, அன்றைக்கு எடையை இறக்கிய அதே சாப்பாடு, இன்றைக்கு எடையை அப்படியே வைத்திருக்கச் சரியாக இருக்கிறது.

எடை நிஜமாகவே நின்றுவிட்டதா என்பதையும் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாளும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் உடம்பில் நீர் தேங்கி ஒரு கிலோ வரைகூட ஏற்றிக் காட்டும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, ஒன்றும் குடிக்காமல் எடை பாருங்கள். போன மாதம் மாதவிலக்கு முடிந்த வாரத்தின் எடையை இந்த மாதம் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். தையல் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை நின்றும் டேப் குறைந்தால் கொழுப்பு கரைகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டும் அசையவில்லையா? சரி, அடுப்படிக்கு வாருங்கள். நம் ஊர்க்காரர்களிடம் நான் முதலில் கேட்பது அல்வாவைப் பற்றி அல்ல, எண்ணெயைப் பற்றி. வீட்டில் நாலு பேர், நல்லெண்ணெய், கடலெண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் நாலு லிட்டர் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் நாளுக்குச் சுமார் 270 கலோரி. உங்கள் முக்கால் மணி நேர நடையில் 200 கலோரி செலவானாலே அதிகம். மூன்று இட்லி 180 கலோரிக்குள்தான் வரும். பொடியில் குழைக்க இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் அதுவே 240. “நான் மூணு இட்லிதான் சாப்பிடுறேன்” என்பது முழு உண்மை. ஆனால் எண்ணெய் கணக்கில் வருவதே இல்லை.

மாதத்துக்கு இரண்டரை லிட்டர் என்று வாங்கி, அதற்குள்ளேயே சமையலை முடிக்கப் பாருங்கள். இது ஒன்றிலேயே ஆளுக்கு நாளைக்கு 100 கலோரி கழியும். பொடிக்கு எண்ணெயைக் கரண்டியால் அளந்து விடுங்கள், பாட்டிலைச் சாய்க்க வேண்டாம்.

சொதியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, விடவும் வேண்டாம். ஒரு நடுத்தரத் தேங்காயில் சுமார் 700 கலோரி இருக்கும் என்பது நினைவிருந்தால் போதும். சொதி வைக்கும் அன்றைக்கு உருளைக்கிழங்கு சிப்ஸை மட்டும் விட்டுவிட்டு, இஞ்சிப் பச்சடியோடு காயைக் கூடுதலாகப் போட்டுச் சாப்பிடுங்கள். கருப்பட்டி உடன்குடியிலிருந்தே வந்தாலும் கலோரியில் சீனிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மூன்று காபி குடித்தால் மூன்றுக்கும் கணக்கு உண்டு.

நடையை இரட்டிப்பாக்கினால் பசி கூடும், முழங்கால் வலிக்கும், மத்தியானம் அசந்து படுத்துவிடுவீர்கள். காலையில் செலவழித்ததை மீதிப் பொழுதில் அசையாமல் இருந்தே உடம்பு மிச்சம் பிடித்துவிடும். இருக்கிற நடையே போதும். அதில் வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போய்விடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது: ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால்தான் பலன்.

தசைக்குப் புரதமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் உங்கள் எடைக்கு நாளுக்கு 75 கிராம் அளவுக்கு வரட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் பக்கம் கிடைக்கும். சைவம் என்றால் பயறு, தயிர், சுண்டல். உளுந்தம்பருப்புச் சோறு பொங்கும்போது அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டுங்கள், ருசி கெடாது. ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தியவர்கள் பலர் சாயந்திரம் டீயோடு மிக்சரில் கைவைப்பதை நான் பார்க்கிறேன். எட்டு மணிக்குள் இரண்டு இட்லியும் நிறையக் காயும் சாம்பாரும் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

இப்படிப் போனால் மாதத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ இறங்கலாம். அது நல்ல வேகம்தான்.

அப்புறம் உங்கள் தைராய்டு மாத்திரை. நடக்கக் கிளம்பும் அவசரத்தில் காபியோடு சேர்த்து விழுங்குகிறீர்களா? காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எட்டு கிலோ இறங்கிய பிறகு டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யவில்லையென்றால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.