எந்த ஊரில் இறங்குவது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 38 வயது, தாதியாக வேலை செய்கிறேன். கணவருக்கு வயரிங் வேலை. மகளுக்கு 14, மகனுக்கு 6. மாகாண நியமனம் (ஒரு மாகாணம் தனக்கென்று ஆளைத் தெரிவுசெய்வது) எதுவும் இல்லாமல், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய அரசின் தெரிவுமுறை வழியாகவே கனடா நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் கணவரின் அண்ணா, "பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்குது, வாங்கோ" என்கிறார். என்னோடு படித்த தோழி எட்மன்ரனில் இருக்கிறாள், வாடகை குறைவு, இங்கே வா என்கிறாள். வீட்டில் தினமும் இதே கதைதான். எங்கே போவது?
வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, என்னைக் கேட்டால் எட்மன்ரன். ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் இருவரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

ஊர் பார்க்கிறோம் என்றதும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "அங்கே ஆர் இருக்கினம்?" என்றுதான். அது தேவையான கேள்விதான். விமான நிலையத்துக்கு வரவும், வங்கிக் கணக்குத் திறக்கக் கூட்டிப்போகவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற அன்று பக்கத்தில் நிற்கவும் ஒரு ஆள் வேண்டும். ஆனால் அந்த உதவி முதல் சில மாதங்களுக்குத்தான். அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போவது தொழில் அனுமதி, அதுவும் உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே அனுமதி இல்லாமல் செய்ய முடியாத தொழில்.

கனடாவில் தாதியருக்கு அனுமதி கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோவில் ஒன்று, எட்மன்ரன் இருக்கும் அல்பேர்ட்டாவில் வேறொன்று. உங்கள் படிப்பை ஒருவர் ஏற்றுக்கொள்வார், மற்றவர் இன்னும் இரண்டு பாடம் படித்து வா என்பார். ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்பே இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேளுங்கள். என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற தாதியர் பதிவுப் பரீட்சை இரண்டு மாகாணத்துக்கும் பொது, ஒரு மாகாணத்தில் பதிவு பெற்றுவிட்டால் பிறகு இன்னொன்றுக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டம் எல்லாம் முதல் பதிவில்தான். பயிற்சிப் பாடசாலையிலிருந்து பாடவிவரமும் புள்ளிகளும் பெரும்பாலும் உங்கள் கை படாமல் நேரடியாகப் போகவேண்டும். இங்கே இருக்கும்போது நீங்களே போய் நின்று செய்விக்கலாம், அங்கே போன பிறகு யாரையாவது கெஞ்ச வேண்டும். இதை இந்த மாதமே தொடங்குங்கள்.

கணவருக்கும் அப்படித்தான். இரண்டு மாகாணத்திலும் மின் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம். இங்கே 230 வோல்ட், அங்கே வீட்டுக்கு 120உம் 240உம் வரும், கம்பியின் நிறம் வேறு, விதிப் புத்தகமும் வேறு. பழைய அனுபவத்தைக் காட்டினால் முழுப் பயிற்சிக் காலத்தையும் திரும்பச் செய்யாமல் ரெட் சீல் பரீட்சைக்கு (மாகாணங்கள் எல்லாம் ஏற்கும் தொழில் தகுதிப் பரீட்சை) போக வழி இருக்கிறது. ஆனால் "இவர் எங்களிடம் வேலை செய்தார், நல்லவர்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயன் இல்லை. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்னென்ன வேலை, ஏறக்குறைய எத்தனை மணித்தியாலம் என்று முதலாளிமார் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். வேலை செய்த எல்லா இடத்திலும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இனி ஏன் எட்மன்ரன்? நீங்கள் பதிவு பெறும் வரை, ஒருவேளை ஒரு வருடம், இரண்டு வருடம், குறைந்த சம்பளத்தில்தான் ஓடவேண்டும். அந்தக் காலத்தில் வாடகை பெரிதாக இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? பராமரிப்பு உதவியாளராக இரண்டு இடத்தில் ஷிப்ட் எடுப்பீர்கள், படிக்க நேரம் இருக்காது, பரீட்சை அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போகும். இங்கே நல்ல தாதியாக இருந்தவர்கள் அங்கே உதவியாளராகவே ஓய்வு பெற்றுவிடுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம். எட்மன்ரனில் வாடகை ரொறன்ரோவைவிட நன்றாகக் குறைவு. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 வீத வரி மட்டும். ஒன்ராறியோவில் 13. அந்த மிச்சத்தில் நீங்கள் படிக்கலாம்.

குளிரைச் சொல்லாமல் விடக்கூடாது. ரொறன்ரோவும் குளிர்தான், எட்மன்ரன் அதைவிட மோசம். டிசம்பரில் காலை எட்டே முக்கால் அளவில்தான் சூரியன் வரும், பின்னேரம் நாலேகாலுக்குப் போய்விடும். காரின் முன்பக்கத்தில் என்ஜினைச் சூடாக வைக்க ஒரு பிளக் தொங்கும், கடும் குளிர் இரவில் அதைச் சுவரில் செருகிவிட்டுத்தான் படுக்கவேண்டும், இல்லாவிட்டால் காலையில் என்ஜின் பிடிக்காமல் போகலாம். கார் இல்லாமல் அங்கே பிள்ளைகளோடு சமாளிப்பது கஷ்டம், ஸ்காபரோவில் பஸ்ஸிலேயே காலம் தள்ளலாம். கோயில், தமிழ்க் கடை, தமிழ் டாக்டர் எல்லாம் ஸ்காபரோவில் நடக்கும் தூரத்தில் கிடைப்பதும் உண்மை. தனிமை உங்களை வாட்டும் என்று பட்டால் அதையும் கணக்கில் எடுங்கள், அது சின்ன விஷயமே இல்லை.

மகளின் பக்கம்தான் அவசரம். 14 வயது என்றால் ஒன்ராறியோவில் அது உயர்பள்ளி தொடங்குகிற வயது. அல்பேர்ட்டாவில் உயர்பள்ளி பத்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது, பன்னிரண்டில் மாகாணப் பரீட்சை இருக்கிறது, இறுதிப் புள்ளியில் 30 வீதம் அதற்கு. இரண்டும் இரண்டு முறை. "இரண்டு வருடம் ஸ்காபரோவில் இருந்து பார்ப்போம், சரிவராவிட்டால் மாறுவோம்" என்று தொடங்கினால் அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறவேண்டி வரும். மகனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். மகளுக்காக, போகிற இடத்தில் அவள் பன்னிரண்டு முடிக்கும் வரை இருப்பது என்று முடிவெடுத்துப் போங்கள், முடிந்தால் செப்டம்பருக்கு முன் போய்ச் சேருங்கள்.

அண்ணாவிடம் மறுப்பது எப்படி என்றுதானே யோசிக்கிறீர்கள்? ரொறன்ரோவில் இறங்குங்கள், அங்கே இரண்டு கிழமை அண்ணா வீட்டில் நின்று, பிள்ளைகள் பெரியப்பாவோடு இருந்து, பிறகு மேற்கே போங்கள். விமானத்தில் நாலு மணித்தியாலம். அவர் மனம் நோகாது. ஒருவேளை ஸ்காபரோதான் என்று முடிவாகி, வெளியே வாடகைக்கு எடுத்தால் ஒன்று நினைவில் வையுங்கள்: ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை முற்பணமாகக் கேட்கலாம், சேதத்துக்கு என்று தனி வைப்புப் பணம் கேட்கக்கூடாது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாக ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கும், புதிதாகக் கட்டிய பல பேஸ்மென்ட்களுக்கும் அரசு விதிக்கும் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. கையெழுத்துப் போடுமுன் எப்போது கட்டியது என்று கேளுங்கள்.

கேள்வி: மனிற்ரோபா மாகாணம் நியமித்ததால்தான் எனக்கு வதிவிட உரிமை கிடைத்தது. வினிப்பெக்கில் ஒருவரையும் தெரியாது. நேராக ரொறன்ரோ போய்விட்டால் பிடிப்பார்களா?
வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, நிரந்தர வதிவிடம் உள்ள எவரும் எந்த மாகாணத்திலும் வாழலாம் என்பது கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் பலர் "போகலாம், ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் விண்ணப்பத்தில் மனிற்ரோபாவில் வாழப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணம் தொடக்கத்திலேயே இல்லை என்று தெரிந்தால் அது பொய்த் தகவல், வதிவிட உரிமைக்கே ஆபத்து. வினிப்பெக்கில் இறங்குங்கள், வீடு எடுங்கள், மனசார வேலை தேடுங்கள், அனுப்பிய விண்ணப்பங்களையும் வந்த பதில்களையும் பத்திரமாக வையுங்கள். உண்மையாகவே முயன்று பார்த்து, பிறகு மாற வேண்டி வந்தால் அது வேறு கதை. குளிர் பொல்லாதது, வீட்டு விலை நியாயம், போய்ப் பாருங்கள்.

கேள்வி: மனைவி மிசிசாகாவில் இருக்கிறார், என்னை ஸ்பொன்சர் செய்கிறார். நான் பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவன். கடல் இல்லாத ஊரில் என்ன செய்வேன்? அவர் வேறு ஊருக்கு வரவும் தயார்.
வாசகர், சல்லி

பதில்: மிசிசாகாவுக்குப் பக்கத்தில் இருப்பது ஏரி, நன்னீர். கடல்தொழில் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைப் பாருங்கள், அங்குள்ள ஹலிஃபாக்ஸும் எங்கள் திருகோணமலை போல இயற்கைத் துறைமுகம்தான். ஆனால் நினைத்தவுடன் படகு வாங்கி இறக்க முடியாது. அனுமதிகள் எண்ணிக்கையில் மட்டுப்படுத்தப்பட்டவை, விலையும் மிக அதிகம். நீங்கள் இன்னொருவர் படகில் கூலிக்குத்தான் தொடங்க முடியும், அதற்கும் கடல் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கவேண்டும். தென்மேற்குக் கரையில் சிங்கிறால் பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி மே முடிய முடியும், அதாவது நடுக் குளிரில்தான் வேலை. முதலில் மிசிசாகா போங்கள், மனைவியின் வேலையை விடச் சொல்லாதீர்கள். ஆங்கிலத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, ஒரு பருவத்துக்கு மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். அந்தக் கடலும் அந்தக் குளிரும் உங்கள் கைக்கு ஒத்துவந்தால் பிறகு அவரைக் கூப்பிடலாம்.