பரண்ல கிடக்கற தலபுராணம் (வாசகர் கடிதமும் பதிலும்)

தம்பிக்கு வணக்கம்,

உங்க சைட்டை ரெண்டு வருஷமா படிக்கறேன். நீங்க எழுதினதைக் காட்டித்தான் பையனை லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுத் தரச் சொன்னேன், நல்லாத்தான் ஓடுது. நான் கும்பகோணத்துல 1997லேர்ந்து டிடிபி சென்டர் வெச்சிருந்தவன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், நடுவுல நாலஞ்சு தலபுராணப் புஸ்தகம். எல்லாம் பேஜ்மேக்கர் 6.5ல பக்கம் அமைச்சது, ஃபான்ட் பாதி பாமினி, பாதி அப்ப வாங்கின ஒரு பேக்கேஜோட ஃபான்ட். அந்தக் கம்ப்யூட்டர் பவர் சப்ளை போயி பரண்ல கிடக்கு. ஃபைலெல்லாம் 38 சிடியில இருக்கு. 2003ல நான் அடிச்ச ஒரு தலபுராணத்தை மறுபடி போடணும்னு கோயில்காரங்க கேக்கறாங்க. மச்சான் பையன் லினக்ஸ்ல என்னென்னமோ போட்டுப் பார்த்தான், சரிவரலை. எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல விண்டோஸே ஓடும்ங்கறான். 8 ஜிபி லேப்டாப் தாங்குமா? விண்டோஸ் 98 போடறதா எக்ஸ்பி போடறதா? அதுல வைரஸ் வந்தா என் லினக்ஸும் சேந்து போயிடுமா? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க. பேர் போட வேண்டாம்.

ஒரு பழைய டிடிபி ஆபரேட்டர், கும்பகோணம்

அண்ணே வணக்கம்,

உங்க கடிதத்தைப் படிச்சதும் பழைய டிடிபி சென்டர் வாசனையே வந்துடுச்சு, லேசர் பிரிண்டர் சூடும் பட்டர் பேப்பரும். முதல்ல பயத்தைப் போக்கிடறேன்: தாங்கும். நீங்க ஓட்டப்போற விண்டோஸ் 20 வருஷம் பழசு, அதுக்கு 1 ஜிபி மெமரி கொடுத்தா ராஜா மாதிரி இருக்கும், மிச்ச 7 ஜிபியும் மின்ட்டுக்குத்தான்.

மச்சான் பையன் என்ன போட்டுப் பார்த்தான்னு நீங்க சொல்லலை, ஒயின்னு (Wine) ஒரு சாஃப்ட்வேரா இருக்கும்னு நெனைக்கறேன். அது எமுலேட்டர் இல்ல. 1993ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், விண்டோஸ் புரோகிராம் கேக்கறதை எல்லாம் லினக்ஸ் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கும், உள்ள விண்டோஸே இருக்காது. சில புரோகிராமுக்கு அது போதும், ஆனா பேஜ்மேக்கர் மாதிரி பிரிண்டர் டிரைவரையும் ஃபான்ட்டையும் பிடிச்சுத் தொங்கற சாமானுக்கு நிஜ விண்டோஸ்தான் நிம்மதி.

எமுலேட்டர்னா கியூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 2003ல வெளியிட்டது, வீடியோவுக்கு எல்லாரும் பயன்படுத்தற எஃப்எஃப்எம்பெக்கை ஆரம்பிச்சவரும் அவரேதான். மனுஷனுக்குத் தூக்கம்னு ஒண்ணு உண்டான்னு தெரியல. கியூஎமு என்ன பண்ணுதுன்னா, ஒரு முழுக் கம்ப்யூட்டரையும் சாஃப்ட்வேர்லயே கட்டுது, மதர்போர்டு, டிஸ்க் கன்ட்ரோலர், சிடி டிரைவ், விஜிஏ கார்டு எல்லாம். அது வழக்கமாக் காட்டற மதர்போர்டு இன்டெல் 1996ல விட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட், உங்க கடையைவிட ஒரு வயசு மூத்தது. அதனால பழைய விண்டோஸ் அதுக்குள்ள போனதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி உக்காந்துக்கும்.

வேகம் எப்படி இருக்கும்? இதுல ரெண்டு விதம் இருக்கு. டெல்லித் தலைவர் வந்து மேடையில இந்தியில பேசுவார், பக்கத்துல ஒருத்தர் நின்னு வரிக்கு வரி தமிழ்ல சொல்லுவார் பாத்திருப்பீங்கல்ல, சுத்த எமுலேஷன் அப்படித்தான், உள்ள இருக்கற ப்ராசஸர் பாஷையை வெளிய இருக்கற ப்ராசஸர் பாஷைக்கு மாத்தி மாத்திச் சொல்லணும். ஒரு தடவை மாத்தினதை ஞாபகம் வெச்சுக்கும், இருந்தாலும் கூட்டம் லேட்டாத்தான் முடியும். ஆனா உங்க லேப்டாப்பும் இன்டெல் வம்சம், எக்ஸ்பியும் அதே வம்சத்துக்கு எழுதினது, பேசறவரே தமிழ் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் எதுக்கு? அங்கதான் கேவிஎம்னு, மொழிபெயர்ப்பு இல்லாம நேரா ஓடவிடற லினக்ஸ் வசதி வருது. 2005, 2006 வாக்குல இன்டெல்லும் ஏஎம்டியும் இதுக்குன்னே ப்ராசஸர்ல ஒரு வசதி வெச்சாங்க, 2007ல லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல்லயே, 2.6.20ல, கேவிஎம் சேர்ந்துடுச்சு. உள்ள இருக்கறவர் நேரடியாப் பேசுவார், மேடையை விட்டு இறங்காம மட்டும் லினக்ஸ் பாத்துக்கும். அந்த ப்ராசஸர் வசதி சில லேப்டாப்ல பயாஸ்ல (விண்டோஸோ லினக்ஸோ வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் மெனு) ஆஃப்ல இருக்கும், இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டின்னா எஸ்விஎம்னு பேர், பையனை விட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க. அதைப் பண்ணாம "ஆமை மாதிரி ஓடுது"ன்னு எனக்கு மெயில் போட்டவங்க நிறைய பேர்.

மின்ட்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்ல விர்ட்-மேனேஜர்னு, இந்த மெஷினையெல்லாம் அமைக்கற புரோகிராமைத் தேடிப் போட்டுக்குங்க, கியூஎமுவும் கேவிஎம்மும் கூடவே வந்துடும், எல்லாம் மவுஸ்லயே பண்ணலாம். வெர்ச்சுவல்பாக்ஸ்னு இதே மாதிரி இன்னொண்ணும் இந்த வேலைக்கு நல்லதுதான், தப்பு சொல்லல, ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டினா ப்ராசஸர் வசதிக்கு அடிச்சுக்கும், ஒண்ணு போதும்.

98ஆ எக்ஸ்பியான்னா எக்ஸ்பி, யோசிக்கவே வேணாம். பேஜ்மேக்கர் 6.5 அதுல ஓடும், நம்ம ஊர் பிரஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினாங்க. டைப் 1னு அடோபி கொண்டுவந்த பழைய வகை ஃபான்ட் இருந்தா 98ல அதைக் காட்டறதுக்கு ஏடிஎம்னு தனியா ஒரு புரோகிராம் போடணும், எக்ஸ்பி நேராவே எடுத்துக்கும். பென் டிரைவும் டிரைவர் கேக்காம எடுத்துக்கும். 98க்கு 512 எம்பிக்கு மேல மெமரி கொடுத்தாலே தடுமாறும், புது ப்ராசஸர்ல வேற தகராறு பண்ணும். சிடி கேமை எடுத்து ஆடணும்னா 98 போடுங்க, உங்க வேலைக்கு வேணாம். லைசன்ஸ் விஷயத்துல ஒண்ணு, பழைய மெஷினோட வந்த ஓஇஎம் சிடின்னா அந்த லைசன்ஸ் சட்டப்படி அந்த மெஷினுக்குத்தான், தனியா வாங்கின சிடி இருந்தா அதைத் தேடுங்க.

நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். டிஸ்க்கை ஐடிஇன்னு, அந்தக் காலத்து இணைப்பு முறையில வெச்சு எக்ஸ்பியை இன்ஸ்டால் பண்ணி அழகா ஓடிட்டிருந்துச்சு. இந்த மாதிரி மெஷினுக்குன்னே பண்ணின விர்ட்-ஐஓ இணைப்புக்கு மாத்தினா டிஸ்க் பறக்கும்னு எங்கயோ படிச்சுட்டு ராத்திரி 11 மணிக்கு மாத்தினேன், ரீபூட் பண்ணா நீலத்திரை, கடைசியில 7பி-ன்னு முடியற நம்பர். எக்ஸ்பிக்கு அந்த டிஸ்க்குக்கான டிரைவர் தெரியாது, தெரியாத டிஸ்க்லேர்ந்து எப்படி பூட் ஆகும், பாவம். நான் என்னமோ டிஸ்க்கே போச்சுன்னு பதறி மறுபடி முதல்லேர்ந்து இன்ஸ்டால் பண்ணி விடிஞ்சுடுச்சு, ஐடிஇன்னு திருப்பி மாத்தியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அதனால நீங்க விர்ட்-மேனேஜர் கேக்கும்போது எக்ஸ்பின்னு சரியாச் சொல்லிடுங்க, டிஸ்க் ஐடிஇல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, 20 ஜிபி கொடுங்க, அப்புறம் எதையும் நோண்டாதீங்க. 20 ஜிபின்னாலும் நிஜத்துல எவ்வளவு எழுதறீங்களோ அவ்வளவுதான் லேப்டாப்ல இடம் பிடிக்கும். எல்லாம் போட்டு முடிச்சதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுட்டா, நாளைக்கு என்ன குழப்பினாலும் இன்னிக்கு இருந்த நிலைக்குத் திரும்பிடலாம். மவுஸ் உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரலைன்னா இடது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து அமுக்குங்க.

வைரஸ் பயம் நியாயம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. ஆனா அதுக்கு நெட்டே கொடுக்கலைன்னா? விர்ட்-மேனேஜர்ல அந்த மெஷினோட நெட்வொர்க் கார்டையே எடுத்துடுங்க. கதவே இல்லாத ரூமுக்குள்ள திருடன் எப்படி வருவான்? பழைய சிடியில வைரஸ் இருந்தாலும் அந்த ரூமோடயே சுத்திட்டிருக்கும். ஃபைலை வெளிய கொண்டுவர பென் டிரைவை அந்த மெஷினுக்குக் கொடுத்து வாங்குங்க, அதே பென் டிரைவை வேற விண்டோஸ்ல போய் சொருகாதீங்க.

இப்ப அசல் வேலைக்கு வரேன். 38 சிடியையும் முதல்ல ஐஎஸ்ஓ ஃபைலா (ஒரு முழு சிடியோட நகலும் ஒரே ஃபைல்ல) காப்பி எடுங்க. கையில எழுதின சிடி 20 வருஷத்துல மேல் பூச்சு உரிய ஆரம்பிக்கும், என்கிட்ட ஏழெட்டு அப்படிப் போச்சு. ஐஎஸ்ஓவை நேரா எக்ஸ்பியோட சிடி டிரைவ்ல மாட்டலாம், நிஜ சிடி சுத்தவே வேணாம். உரசல் உள்ள சிடிக்கு டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு லினக்ஸ்ல இருக்கு, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போயி திரும்ப வந்து முட்டிப் பாக்கும்.

சிடியில ஃபைல் இருக்கும், ஃபான்ட் இருக்காது. ஃபான்ட் இருக்கறது பரண்ல இருக்கற ஹார்ட் டிஸ்க்ல, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள. சப்ளைதானே போச்சு, டிஸ்க் போகலையே. தயவுசெஞ்சு அந்த கேபினட்டை எடைக்குப் போட்டுடாதீங்க. ஐடிஇ-யூஎஸ்பி மாத்தற கேபிள் ஒண்ணு வாங்கி, மின்ட்ல சொருகி, ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்க. அந்த இன்னொரு பேக்கேஜுக்கு பிரிண்டர் போர்ட்ல ஒரு லாக் (திருட்டுக் காப்பியைத் தடுக்கற சின்ன டப்பா) சொருகற வழக்கம் இருந்திருக்கும், அது தமிழ்ல டைப் அடிக்கத்தான், அடிச்சதைப் பாக்கறதுக்குப் பெரும்பாலும் ஃபான்ட் ஃபைல் மட்டும் இருந்தாப் போதும்.

திறந்ததும் ரெண்டு விதமா வெளிய எடுங்க. ஒண்ணு உருவம். எக்ஸ்பியில பிரிண்டர் சேர்க்கும்போது போர்ட்ல ஃபைல்னு கொடுத்து, பட்டியல்ல பேர் பக்கத்துல பிஎஸ்னு போட்ட ஒரு கலர் லேசரை எடுத்துக்குங்க. ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லி பிரிண்ட் கொடுத்தா ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல் (பக்கத்தை பிரிண்டருக்கு விவரிக்கற பாஷை, பிஎஸ்னா அதுதான்) வரும், மின்ட்ல இருக்கற கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதை பிடிஎஃப் ஆக்கிடும். லிங்க் பண்ணின படமெல்லாம் பக்கத்துல இருக்கணும், இல்லைன்னா மூலவர் இருக்க வேண்டிய இடத்துல மங்கலா ஒரு கட்டம்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா.

இன்னொண்ணு எழுத்து. அந்த பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணா குப்பைதான் வரும், ஏன்னா பாமினியில தமிழ்னு ஒண்ணு உள்ள கிடையவே கிடையாது, இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ்ப் படம் வரைஞ்சிருக்காங்க. "தமிழ்"னு தெரியற இடத்துல உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். அதனால பேஜ்மேக்கர்ல எக்ஸ்போர்ட் பண்ணி டெக்ஸ்ட்டா எடுத்து, கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை) ஆக்கணும். பாமினியில கொம்பை முதல்ல அடிச்சு அப்புறம் எழுத்து, யூனிகோட்ல எழுத்து முதல்ல, கொம்பு அப்புறம். நல்ல கன்வர்ட்டர் இதைத் திருப்பிப் போடும், சுமாரானது "கொ"வை ரெண்டாப் பிச்சுடும். அந்த இன்னொரு ஃபான்ட் 1999ல தமிழக அரசு அறிவிச்ச டேம், டேப்ங்கற எழுத்து அமைப்பு ரெண்டுல ஒண்ணா இருந்தா கன்வர்ட்டர் ஈஸியாக் கிடைக்கும். கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு அமைச்சதா இருந்தா எழுத்துக்கு எழுத்து பட்டியல் போட வேண்டியிருக்கும், அப்ப எனக்கு ஒரு பக்கம் அனுப்புங்க, பாக்கறேன்.

இத்தனையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன முயற்சி. லிப்ரெஆஃபீஸ் 2015ல வந்த 4.4லேர்ந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். பாமினியை மின்ட்ல போட்டுட்டு ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து பாருங்க. ஒரு பக்கச் சமாசாரம் பரவாயில்லாம வரும், 120 பக்கத் தலபுராணம் வந்தா நானே கும்பகோணம் வந்து உங்களுக்கு டிகிரி காப்பி வாங்கித் தரேன்.

கோயில்காரங்ககிட்ட ஒரு மாசம் டயம் கேளுங்க. கன்வர்ட் ஆனதுல ஸ்ரீயும் ஷவும் க்ஷவும்தான் அதிகமாச் சொதப்பும், தலபுராணத்துல வரிக்கு ரெண்டு அதுதான் இருக்கும். 2003ல அடிச்ச புஸ்தகம் ஒரு காப்பி கோயில் ஆபீஸ்ல இருக்கும், ப்ரூஃப் பாக்க அதை இப்பவே வாங்கி வெச்சுடுங்க.