கூண்டுப் பறவையும் முப்பது தாலந்து பொன்னும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஆலயத்தில் இருபது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்தி வருகிறேன். போன மாதம் யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அசீரிய ராஜா சனகெரிப் படையோடு வந்தது, எசேக்கியா ஆலயத்தில் ஜெபித்தது, ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் 1,85,000 பேரைச் சங்கரித்தது, சனகெரிப் தன் தலைநகரான நினிவேக்குத் திரும்பிப் போனது எல்லாம் சொன்னேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன் எழுந்து, "சனகெரிபே எழுதி வைத்ததும் கிடைத்திருக்கிறதாம். அதில் அவன்தான் ஜெயித்ததாக இருக்கிறதாம். இரண்டில் எது பொய்?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. ராஜாக்களின் அட்டவணையில் கி.மு. ஆண்டுகள் போட்டிருக்கிறார்களே, அந்தக் காலத்து மனிதர்கள் கி.மு. என்று எண்ணியிருக்க முடியாதே, அவை எப்படிக் கிடைத்தன என்றும் அவனே கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அவனைக் கடிந்து உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அவனைக் கடிந்து உட்கார வைக்காததற்கு முதலில் உங்களுக்கு நன்றி. அடுத்த வகுப்பில் அவன் கையிலேயே வேதாகமத்தைக் கொடுத்து, இரண்டாம் இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் 13 முதல் 16 வரையுள்ள நான்கு வசனங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட கதையிலும் இந்த நான்கு வசனங்கள் இல்லை. தூதன் வரும் இரவுக்கு நேரே போய்விடுவார்கள்.

அந்த வசனங்கள் சொல்வது இதுதான். சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்துவிட்டான். அவற்றில் ஒன்றான லாகீசில் இருந்த அவனிடம் எசேக்கியா ஆள் அனுப்பி, குற்றம் செய்துவிட்டேன், விதிப்பதைச் செலுத்துகிறேன் என்று பணிந்தான். முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் விதிக்கப்பட்டன (தாலந்து என்பது அக்கால எடை அளவு). அரண்மனைக் கருவூலம் போதவில்லை. கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளில் பதித்திருந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்தான். ஏசாயாவின் புத்தகத்தில் இதே முற்றுகைக் கதை ஏறக்குறைய இதே சொற்களில் வருகிறது. கப்பம் கட்டிய பகுதி மட்டும் இல்லை. இரண்டாம் நாளாகமத்திலும் இல்லை. இராஜாக்களின் புத்தகத்தை எழுதியவர் மட்டும் அதை விடவில்லை. எசேக்கியாவைப் போல ஒரு ராஜா யூதாவில் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அதே அதிகாரத்தில் புகழ்ந்தவர் அவர். புகழ்ந்த கையாலேயே அந்த அவமானத்தையும் எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு.

இனி சனகெரிபிடம் வருவோம். அவன் விட்டுச் சென்றது ஆறு முகம் கொண்ட சுட்ட களிமண் பட்டகம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். ஒரே வாசகத்தின் பிரதிகள் லண்டனிலும் சிகாகோவிலும் எருசலேமிலும் இருக்கின்றன. நம் ராஜாக்களின் மெய்க்கீர்த்தி போன்றது என்று மாணவனிடம் சொன்னால் புரிந்துகொள்வான். கி.மு. 705-இல் சனகெரிபின் தகப்பன் சர்கோன் போர்க்களத்தில் மடிந்தான். கப்பம் கட்டி வந்த சிற்றரசர்கள் இதுதான் சமயம் என்று கையை மூடிக்கொண்டார்கள். எசேக்கியாவும் அவர்களில் ஒருவன். கி.மு. 701-இல் சனகெரிப் மேற்கே புறப்பட்டது அதற்காகத்தான். எசேக்கியாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன், அவனை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப் போல அடைத்தேன், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் செலுத்தினான் என்கிறது பட்டகம்.

பொன் இரண்டிலும் முப்பது. பகைவர்கள் இருவர், தங்கள் தங்கள் மொழியில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதிய கணக்கு இது. வெள்ளி ஒத்துப் போகவில்லை. எடைக்கல் வேறு என்றும், சனகெரிப் கூட்டிச் சொன்னான் என்றும், மற்றக் கொள்ளையையும் சேர்த்துவிட்டான் என்றும் விளக்கங்கள் உண்டு. எதையும் உறுதியாக நிறுவ முடியாது. வரிசையும் மாறுகிறது. வேதாகமத்தில் கப்பம் முதலில், முற்றுகை பிறகு. பட்டகத்தில் முற்றுகை முதலில். கப்பம் பின்னால் நினிவேக்கு வந்து சேர்கிறது.

இப்போது அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கூண்டுப் பறவையைப் பிடித்தேன் என்று சனகெரிப் எங்கே சொல்கிறான்? எங்கும் சொல்லவில்லை. அடைத்தேன் என்பதோடு நின்றுவிடுகிறான். நகரத்தைப் பிடித்த அசீரிய ராஜா அப்படி நிற்பவனே அல்ல. மதிலை இடித்தேன், எரித்தேன், ராஜாவைச் சங்கிலியில் கட்டினேன் என்று எழுதித் தள்ளுவான். எருசலேம் விழவில்லை, எசேக்கியா அரியணையை இழக்கவில்லை என்பது சனகெரிபின் சொந்த வாக்குமூலத்திலிருந்தே தெரிகிறது.

அவன் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்ததும் எருசலேமை அல்ல, லாகீசை. நினிவேயில் தோண்டியெடுத்த அந்தக் கற்பலகைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் நிற்கின்றன. படம் கிடைத்தால் மாணவர்களுக்குக் காட்டுங்கள். மதிலில் சாய்த்துக் கட்டிய மண்மேட்டில் முற்றுகைப் பொறிகள் ஏறுகின்றன. மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. வாசல் வழியே ஜனங்கள் வெளியேறுகிறார்கள். மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். சில ஆண்கள் கழுவில் ஏற்றப்பட்டிருக்கிறார்கள். ஒரு கோடியில் சனகெரிப் சிங்காசனத்தில் அமர்ந்திருக்க, லாகீசின் கொள்ளைப் பொருள் அவன் முன்னே செல்கிறது என்று எழுத்தும் பொறித்திருக்கிறது. ராஜாவின் முகத்தை மட்டும் பின்னாளில் யாரோ சிதைத்திருக்கிறார்கள். லாகீசின் தென்மேற்கு மூலையில் அந்த மண்மேடு இன்றும் கிடக்கிறது. வேதாகமத்தில் லாகீஸ் அந்த இடத்தில் ஓர் ஊர்ப்பெயராக மட்டும் கடந்து போகிறது. எருசலேம் தப்பிய கதையை வாசிக்கிறபோது, தப்பாத லாகீசின் அந்த மாட்டு வண்டியும் உங்கள் மாணவர்களின் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

1,85,000 பேரின் சாவு பட்டகத்தில் இல்லை. தோல்வியை எழுதும் வழக்கம் அந்த எழுத்தர்களுக்குக் கிடையாது. எனவே அவர்களுடைய மௌனம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. ஏறக்குறைய 250 ஆண்டு கழித்து கிரேக்கரான ஹெரோடோட்டஸ், எகிப்தின் எல்லையில் சனகெரிபின் படையினரின் அம்புக்கூடுகளையும் வில்நாண்களையும் இரவில் எலிகள் கடித்துத் தின்றுவிட்டன என்று எகிப்தியக் குருக்கள் சொன்ன கதையைப் பதிவு செய்திருக்கிறார். எலி என்றால் கொள்ளைநோய் என்று முடிச்சுப் போடுவோர் உண்டு. நான் போடமாட்டேன். அந்த இரவை வரலாற்றாசிரியரின் கருவிகளால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதை உங்கள் விசுவாசத்தின் பகுதியாகவே நீங்கள் சொல்லலாம். களிமண்ணிடம் கையெழுத்து வாங்க அலைய வேண்டாம்.

ஆனால் அதற்கடுத்த வசனத்தில் ஒரு கவனம் தேவை. சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான், கோவிலில் பணிந்துகொண்டிருந்தபோது அவன் குமாரர்கள் அவனை வெட்டிப்போட்டார்கள் என்று படிக்கிறபோது மறுவாரமே நடந்தது போலத் தோன்றும். நடுவில் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் அவன் கி.மு. 689-இல் பாபிலோனையே அழித்தான். கி.மு. 681-இல்தான் கொல்லப்பட்டான். மகன் கொன்றான் என்று பாபிலோனிய நாளேடும் சொல்கிறது, பெயர் சொல்லாமல். வேதாகமம் சொல்லும் அத்ரமலேக்கு என்ற பெயர் நெடுநாள் யாருக்கும் பிடிபடவில்லை. அசீரியக் கடிதம் ஒன்றின் உடைந்த வரிகளைச் சரியாக வாசித்தபோது, சதியின் தலைவன் சனகெரிபின் மகன் அர்தா-முலிசு என்று தெரியவந்தது. பெயர் தேய்ந்து திரிந்திருக்கிறது, ஆள் அவனேதான்.

ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்காகவே அந்தப் பையனைத் தட்டிக்கொடுக்க வேண்டும். அசீரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்களின் நீண்ட பட்டியல் கிடைத்திருக்கிறது. அதில் புர்-சாகலே என்பவரின் ஆண்டில், சிமானு மாதத்தில், சூரிய கிரகணம் பிடித்தது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்: கி.மு. 763, ஜூன் 15. அந்த ஓர் ஆணியில் பட்டியல் முழுவதையும் மாட்டிவிட்டார்கள். மேலும் கீழும் எண்ணிக்கொண்டே போனால் மற்ற ஆண்டுகள் வந்துவிடும்.

அந்த எண்ணிக்கையில் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் ஆறாம் ஆண்டு கி.மு. 853. சிரியாவில் கர்கார் என்ற இடத்தில் அவனை எதிர்த்து நின்ற அரசர்களில் இஸ்ரவேலின் ஆகாப் ஒருவன் என்று அவனுடைய கல்வெட்டு சொல்கிறது. கி.மு. 841-இல் அதே சல்மனாசாரிடம் இஸ்ரவேலின் இன்னொரு ராஜாவான யெகூ கப்பம் கட்டுகிறான். நடுவில் 12 ஆண்டுகள். வேதாகமத்தில் ஆகாபுக்கும் யெகூவுக்கும் இடையே அகசியா 2 ஆண்டு, யோராம் 12 ஆண்டு ஆள்கிறார்கள், கூட்டினால் 14. இது வெகுகாலம் அறிஞர்களை உறங்கவிடவில்லை. எட்வின் தீலே என்ற அமெரிக்க அறிஞர் முடிச்சை அவிழ்த்தார். நம் வீட்டில் வயது சொல்வது போலத்தான். பத்து முடிந்த பிள்ளைக்கு ஒருவர் பத்து என்பார், இன்னொருவர் நடப்பைச் சேர்த்துப் பதினொன்று என்பார். வடநாடான இஸ்ரவேலில் ராஜா பட்டத்துக்கு வந்த அரைகுறை ஆண்டையும் ஓர் ஆண்டாக எண்ணினார்கள்; இறந்த ராஜாவின் கணக்கிலும் அதே ஆண்டு ஏறிவிடும். ஆளுக்கு ஒன்று கழித்தால் 1-ம் 11-ம், பன்னிரண்டு. ஆகாப் கர்கார் போர் நடந்த அதே ஆண்டில் மாண்டான் என்றும் ஆகிறது.

அந்தக் கர்கார் கல்வெட்டில் ஆகாபின் படை 2,000 ரதங்கள், 10,000 காலாட்கள். கூட்டணியிலேயே அதிக ரதங்கள் அவனுடையவை. தமஸ்குவின் ராஜாவுக்கே 1,200-தான். எண் பெரிதென்று ஐயப்படும் அறிஞர்கள் உண்டு. குறைத்துக்கொண்டாலும் அக்கம்பக்கத்து ராஜாக்கள் எண்ணிப் பார்த்து மதித்த ஆள் ஆகாப். வேதாகமத்தில் கர்கார் ஒரு வரிகூட இல்லை. எழுதியவருக்குச் செய்தி எட்டவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆகாபின் மற்றச் செயல்களும் அவன் கட்டிய தந்த அரண்மனையும் இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். வேண்டுமானால் அங்கே போய்ப் படித்துக்கொள் என்பதுபோல. (அந்த நாளாகமம் அழிந்துவிட்டது. சமாரியாவில் தோண்டியபோது யானைத்தந்தச் செதுக்கல்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.) இரண்டாயிரம் ரதங்களுக்கு ஒரு வரி ஒதுக்காதவர், யெஸ்ரயேலில் நாபோத் என்ற குடியானவனின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் பறித்துக்கொண்டதற்கு ஓர் அதிகாரம் முழுவதையும் கொடுத்தார். தகப்பன் வழி வந்த நிலத்தைத் தரமாட்டேன் என்ற ஒரு மனிதனைப் பொய்ச்சாட்சி வைத்துக் கல்லெறிந்து கொன்றது அவருக்குப் போரைவிடப் பெரிய செய்தி. சல்மனாசாரின் எழுத்தருக்கு நாபோத் என்று ஒருவன் இருந்ததே தெரிந்திருக்காது.

எது பொய் என்று உங்கள் மாணவன் கேட்டதற்கு என் விடை இதற்குள்தான் இருக்கிறது. அசீரியக் களிமண்ணை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்து வேதாகமத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும், களிமண்ணைத் துணைச்சாட்சியாக மட்டும் இழுத்து வருவதும் எனக்குச் சம்மதமில்லை. களிமண்ணும் ஒரு கட்சிக்காரன்தான். யாருக்காக, யார் சோறு போட்டு எழுதியது என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

யாரையும் மெச்சச் சொல்லாத எழுத்துகளும் கிடைத்திருக்கின்றன. எசேக்கியா காலத்ததென்று பெரும்பாலோர் ஏற்கும் 533 மீட்டர் நீளச் சுரங்கம் எருசலேமில் இருக்கிறது. முற்றுகையில் தண்ணீர் தட்டாமலிருக்கப் பாறையைக் குடைந்தது. அதன் சுவரில் ஆறு வரிகள் வெட்டியிருந்தார்கள். 1880-இல் கண்டுபிடித்தவன் உங்கள் மாணவன் வயதுள்ள ஒரு பள்ளிப் பையன். இரு முனையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள், இன்னும் மூன்று முழம் இருக்கையில் ஒருவனை ஒருவன் கூப்பிடும் குரலைக் கேட்டதும், கோடரிக்கு எதிர் கோடரியாக வெட்டி முட்டிக்கொண்டதும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதும் அதில் இருக்கின்றன. ராஜாவின் பெயர் இல்லை.

இன்னொன்று பாபிலோனில் கிடைத்தது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் எருசலேமைப் பிடித்து இளம் ராஜா யோயாக்கீனைச் சிறைகொண்டு போனான். பாபிலோன் அரண்மனை இடிபாட்டில் ஜெர்மானியர்கள் தோண்டியபோது பண்டகசாலைக் கணக்குகள் அகப்பட்டன. ஒன்றின் தேதி கி.மு. 592. யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தது என்ற வரிசையில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு, ராஜாவின் ஐந்து குமாரருக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார். இரண்டாம் இராஜாக்களின் கடைசி வசனமும் அந்த யோயாக்கீனின் படியைப் பற்றியதுதான். சிறைப்பட்ட முப்பத்தேழாம் ஆண்டில் பாபிலோனின் புதிய ராஜா ஏவில்மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து எடுத்துவிட்டான். உயிரோடிருந்த நாளெல்லாம் அன்றன்றைய படி ராஜாவிடமிருந்து அளக்கப்பட்டது.

அன்புடன்.