தாயைப் பிரிந்த காட்டுக் குட்டி கையில் இருக்கிறதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அணில், குருவி, முயல், மான், வௌவால் என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். குட்டி இப்போதே உங்கள் வீட்டில் இருந்தால், முதல் இரண்டு பதில்களை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் உள்ள வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

கேள்வி: மரம் வெட்டும்போது ஒரு அணில் குட்டி கீழே விழுந்துவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. பசியில் கத்துகிறது. உடனே பால் கொடுக்கலாமா?

பால் இருக்கட்டும், முதலில் சூடு. உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்குச் செரிமானம் நடக்காது. அந்த நிலையில் உள்ளே போகும் பாலே உயிரை எடுத்துவிடும். ஒரு பெட்டியில் மெத்தென்ற துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும்.

உடம்பு வெதுவெதுப்பானதும், காயம் எதுவும் இல்லையென்றால், பெட்டியைச் சூட்டோடு அதே மரத்தடியில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். தாய் அணிலுக்குப் பெரும்பாலும் வேறொரு கூடும் இருக்கும். ஆளரவம் அடங்கினால் வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பூனை, நாய், காக்கை நெருங்காதபடி தூரத்திலிருந்து ஒரு கண் வைத்திருங்கள். தாய் வந்து எடுத்துக்கொண்டால் அதைவிட நல்ல முடிவு கிடையாது.

கேள்வி: தாய் வரவே இல்லை. மருத்துவரைப் பார்க்க நாளைதான் முடியும். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கட்டுமா?

வேண்டாம். அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம். பசும்பாலில் அவை குறைவு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைதான் கூடுதல். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது.

முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பிடரித் தோலை லேசாகக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். தூக்கியபடியே நின்றால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அது சரியாகும்வரை பால் கிடையாது. அப்புறம் நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரைக் கரைத்துக் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம் போதும். 40 கிராம் குட்டி என்றால் 2 மில்லி. கண் திறக்காத குட்டிக்கு 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நிறைய குட்டிகள் போய்விடுகின்றன. கைக்குழந்தைபோல மல்லாக்கப் பிடிக்காதீர்கள். வயிறு கீழே, தலை சற்று மேலே இருக்கட்டும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் துளித்துளியாக விடுங்கள், அது நக்கும் வேகத்துக்கு. மூக்கில் பால் குமிழி வந்தால் புரையேறிவிட்டது. உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, மூக்கைத் துடைத்துவிடுங்கள். நுரையீரலுக்குள் போன பால் நிமோனியாவாக மாறும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கி நக்கித்தான் கழிக்க வைக்கும். ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மென்மையாகத் தடவிவிட வேண்டும். பால் நன்றாகக் குடித்த குட்டி மறுநாள் வயிறு உப்பிக் கிடந்தால், இதைச் செய்தார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: தரையில் ஒரு குருவிக்குஞ்சு தத்தித் தத்திப் போகிறது. பறக்கவில்லை. நான் தொட்டுவிட்டேன், இனி தாய் சேர்க்காதாமே?

மனித வாசனை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் அருகில்தான் இருக்கும். பக்கத்துப் புதரில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திருப்பி வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் சின்னக் கூடையை அதே கிளையில் கட்டி, அதில் வைக்கலாம்.

கேள்வி: குஞ்சு வாயைத் திறந்து திறந்து காட்டுகிறது. தாகமாக இருக்குமோ? தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் வேண்டாம், பறவைகளால் அதைச் செரிக்க முடியாது.

கேள்வி: புல்வெளியில் ஒரு மான்குட்டி தனியாகச் சுருண்டு படுத்திருந்தது. பாவமாக இருந்ததால் தூக்கி வந்துவிட்டோம்.

உடனே கொண்டுபோய் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. தாய் மான் வேண்டுமென்றேதான் குட்டியை மறைவில் படுக்கவைத்துவிட்டுப் போகிறது. தன் வாசனையைப் பிடித்து வரும் வேட்டை விலங்கு குட்டியைக் கண்டுபிடிக்கக் கூடாதே. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வரும். முயல்களும் அப்படித்தான். நாளுக்கு ஓரிரு தடவை, சில நிமிடங்கள் பாலூட்டிவிட்டுப் போய்விடும். தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. தாய் செத்துக் கிடப்பதைப் பார்த்தீர்களா, காயமோ ஈ முட்டையோ இருக்கிறதா, விடாமல் கத்திக்கொண்டே அலைகிறதா? இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் தலையிட வேண்டும்.

கேள்வி: பூனை கவ்விவந்த குட்டி. காயமே தெரியவில்லை.

தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கும். ரோமத்துக்குள் மறைந்த ஊசிமுனை அளவு பல்தடம் போதும். ஆன்டிபயாடிக் தாமதமானால் குட்டி பிழைப்பது கஷ்டம்.

கேள்வி: வௌவால் குட்டியைக் கையில் எடுக்கலாமா?

வெறும் கையால் எந்த வௌவாலையும் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். அறிகுறி வந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பவர்கள் அநேகமாக இல்லை. பாலூட்டி எது கடித்தாலும் இதேதான்.

கேள்வி: அக்கா, நாங்கள் வளர்க்கும் அணில் சில நாளாகப் பின்னங்காலை இழுத்து நடக்கிறது. கொட்டையும் விதையும்தான் விரும்பிச் சாப்பிடும்.

காரணம் அந்தச் சாப்பாடாகவே இருக்கலாம். கொட்டைகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெயில் படாது, வைட்டமின் டி-யும் கிடைக்காது. அடுத்து வலிப்பு வரலாம் தம்பி, இன்றைக்கே மருத்துவரிடம் போ. உயரத்திலிருந்து குதிக்க விடாதே, எலும்பு முறிந்துவிடும்.

கேள்வி: ஆண் மான்குட்டி ஒன்றை வளர்க்கிறோம். பிள்ளைகளோடுதான் தூங்குகிறது. இவ்வளவு பாசமான ஜீவனை ஏன் காட்டில் விடச் சொல்கிறீர்கள்?

உங்கள் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. அந்தப் பாசம் மானுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் தன்னைப் பார்த்த வாத்துக்குஞ்சுகள் தன்னையே தாயாக எண்ணிப் பின்தொடர்ந்ததை விவரித்தவர் கொன்ராட் லோரன்ஸ். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். சிறுவயதில் யாரோடு வளர்கிறதோ அவர்களையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும் விலங்குகள் நிறைய. உங்கள் மான் பருவத்துக்கு வந்து கொம்பு முற்றியதும், மனிதர்களைப் போட்டிக்கு வந்த ஆண் மானாகவே பார்க்கும். காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடும். இது ஓடாது, முட்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. குரங்குக்குட்டியும் வளர்ந்த பிறகு இப்படித்தான் கடிக்கத் தொடங்கும். பெரும்பாலான நாடுகளில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கை வீட்டில் வைப்பது குற்றமும்கூட.

கலிபோர்னியா கான்டார் கழுகுகள் 1987-இல் மொத்தமே 27 தான் மிஞ்சியிருந்தன, அனைத்தும் கூண்டில். அவற்றின் குஞ்சுகளுக்குக் கழுகுத் தலைபோன்ற கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு உணவு ஊட்டினார்கள். மனித முகத்தைக் குஞ்சு பழகிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். தயவுசெய்து வனத்துறையிடம் பேசி, மற்ற மான்குட்டிகள் உள்ள மீட்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள். சின்னதாக இருக்கும்போதே சேர்த்தால்தான் அது மானாக வாழப் பழகும்.

கேள்வி: மையத்தின் வழிகாட்டுதலோடு வளர்த்த அணில் இப்போது பெரிதாகிவிட்டது. கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

போதாது. முதலில் கூண்டை வெளியே, மரங்களுக்கு நடுவே வையுங்கள். சில வாரங்கள் வெயில், காற்று, மற்ற அணில்களின் குரல், வல்லூறின் நிழல் எல்லாம் பழகட்டும். கிளை, இலை, பட்டை போட்டுவையுங்கள். கொட்டையை உடைக்காமலே கொடுங்கள். உங்களைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டால் அது நல்ல அறிகுறி, வருத்தப்படாதீர்கள்.

மழை இல்லாத நாளில், காலையில் கதவைத் திறங்கள். கூண்டை உடனே எடுத்துவிட வேண்டாம், இரவில் திரும்பி வரலாம். உணவை அங்கேயே தொடர்ந்து வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கையால் ஊட்டாதீர்கள். வைத்த உணவு தொடர்ந்து பல நாள் தீண்டாமல் கிடந்தால் அப்போது கூண்டை எடுத்துக்கொள்ளலாம்.