மண்ணில் பூச்சிகொல்லி பாக்டீரியாவைத் தேடுவது: கேள்வி பதில்

பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கொல்லும் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதுமுளை: மேடம், ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறதே. நமக்கு வேண்டியதை மட்டும் எப்படிப் பிரிப்பது?

எல்லாவற்றையும் வளர்த்துப் பார்க்க ஆயுசு போதாது. வேண்டாததை முதலில் கழிக்க வேண்டும். பி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸையே எடுத்துக்கொள்வோம். சாப்பாடு தீர்ந்தால் அது வித்தாக மாறி உறங்கிவிடும். அந்த வித்து சூடு தாங்கும். ஒரு கிராம் மண்ணைச் சுத்திகரித்த நீரில் கலக்கி, 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்தால் வித்தில்லாத பாக்டீரியா செத்துவிடும். அப்புறம் நீர்க்கச் செய்து அகார் தட்டில், அதாவது பாக்டீரியா வளரும் ஊட்டக்கூழ்த் தட்டில் பரப்பலாம்.

ஆனால் மண்ணில் வித்து போடும் வேறு பேசில்லஸ்களும் ஏராளம். அதற்குத்தான் 1987-ல் வெளியான சோடியம் அசிடேட் முறை. அதன் யோசனை எனக்கு இன்றும் பிடித்தது. ஊட்டக் கரைசலில் 0.25 மோலார் அசிடேட் சேர்த்து, மண்ணைப் போட்டு, சுமார் 4 மணி நேரம் குலுக்குகிறோம். மற்ற பல வித்துகள் முளைத்துவிடும். பி.டி. வித்தை அசிடேட் முளைக்க விடாது. இப்போது சூடு காட்டினால் முளைத்தவை சாகும், உறங்குவது தப்பிக்கும். எல்லா பி.டி. ரகமும் இதற்குக் கட்டுப்படாது. அதனால் பாதி மண்ணை வெறும் சூட்டு முறையிலும் போட்டுப் பாருங்கள்.

தட்டுப்பித்தன்: தட்டில் வெள்ளையாக, மங்கலாக, ஓரம் சொரசொரப்பாகத் திட்டுகள் வந்திருக்கின்றன. பி.டி. தானே?

இல்லை. இருக்கலாம் என்பது வரைக்கும்தான் சொல்ல முடியும். பேசில்லஸ் சீரியஸும் அச்சு அசலாக இதே மாதிரித்தான் வளரும். மனிதருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் கிருமி அது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது படிகம்தான். வித்தோடு சேர்த்து பி.டி. உண்டாக்கும் புரதக் கட்டி அது, பூச்சியைக் கொல்லும் நஞ்சும் அதுவே. தட்டை இரண்டு மூன்று நாள் விட்டு, வித்து முற்றிய பின் ஒரு பூச்சு எடுத்து, கூமாசி நீலச் சாயம் போட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வித்து உள்ளே வெளுத்து, ஓரம் மட்டும் தெரியும் முட்டை வடிவம். அதன் பக்கத்தில் கருநீலமாக, இரண்டு முனையும் கூர்ந்து, சீட்டுக்கட்டின் டைமண்ட் போல ஒன்று கிடந்தால் அதுதான் படிகம். கொசுவைக் கொல்லும் ரகத்தில் அது உருண்டையாக இருக்கும். படிகத்தைப் பார்க்காமல் பாட்டிலில் பி.டி. என்று பெயர் எழுதாதீர்கள்.

பச்சைத்துளிர்: அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மண்ணிலிருந்து பி.டி. எடுக்கலாமா?

வேண்டாம். படிகம் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இலையைக் கடித்துத் தின்னும் புழு அதையும் சேர்த்து விழுங்குகிறது. அசுவினி ஊசிபோல் குத்திச் சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. இலைமேல் கிடப்பது அதன் வாய்க்கே போகாது.

விதைநேர்த்தி: பூவேரியாவை இதே முறையில் பிரிக்கலாமா?

அது பூச்சியைக் கொல்லும் பூஞ்சை, பாக்டீரியா அல்ல. சூடு காட்டினால் செத்துவிடும். முறையே வேறு.

அந்துப்பூச்சி: முப்பது வருடம் பூச்சி பார்த்தவன் சொல்கிறேன், மண்ணைக் கிளறுவது வீண் வேலை. செத்த புழுவில் தேடுங்கள். பி.டி. மண் பாக்டீரியா என்பதே தப்பு.

உங்கள் பக்கம் சரித்திரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா இதைக் கண்டது நோயில் சுருண்ட பட்டுப்புழுவில். 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் கண்டது மாவு அந்துப்பூச்சியின் புழுவில். துரிங்கியா பகுதியிலிருந்து வந்தது என்பதால்தான் அந்தப் பெயரே. கொசுவைக் கொல்லும் ரகம் 1976-ல் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த குட்டையில் கிடைத்தது. வண்டுப்புழுவைக் கொல்லும் ரகமும் செத்த கூட்டுப்புழுவிலிருந்து வந்ததுதான்.

ஆனால் 'வீண்' என்பதை ஏற்க முடியாது. 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் உலகெங்குமிருந்து 1,115 மண் மாதிரிகளைப் பார்த்தார்கள். 785-ல் பி.டி. இருந்தது.

அந்துப்பூச்சி: இருக்கிறது என்பதும் அங்கே வாழ்கிறது என்பதும் ஒன்றா? செத்த புழுவிலிருந்து உதிர்ந்த வித்து மண்ணில் தூங்குகிறது, அவ்வளவுதான்.

ஆய்வுமாணவி: அக்கா, இலைமேலும் தானியத் தூசியிலும்கூட பி.டி. கிடைக்கிறதே. அப்போது எதுதான் அதன் வீடு?

நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்களே இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. என் எண்ணம் இது: பெருகுவது பூச்சியின் உடலில், காத்திருப்பது மண்ணில். அந்துப்பூச்சி ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் தேடுகிறவருக்குக் காத்திருக்கும் இடமும் வேண்டும். செத்த புழு ஒரு கொலைகாரனைக் காட்டும். மண் பல வருடத்து வித்துகளைச் சேர்த்து வைத்திருக்கும். அதில் யாரும் பார்க்காத ரகம் இருக்கலாம், எதையுமே கொல்லாத ரகமும் நிறைய இருக்கும். அதைச் சலிக்கப் பொறுமை வேண்டும்.

அப்புறம் பி.டி. மட்டுமே உலகம் இல்லை. ஸ்பினோசாட் பூச்சிமருந்தைத் தரும் பாக்டீரியா 1982-ல் கரீபியத் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட ரம் வடிசாலையின் மண்ணில் கிடைத்தது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்துக்கு மூலமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவை விஞ்ஞானி ஒமுரா ஜப்பானிய மண்ணிலிருந்து எடுத்தார், 2015-ல் நோபல் பரிசும் வந்தது. இரண்டிலும் செத்த புழு எங்கே?

அந்துப்பூச்சி: அவை ரசாயனம் சுரப்பவை, நோய் தருபவை அல்ல. கணக்கில் சேராது.

பூச்சியைக் கட்டுப்படுத்துவதுதான் கேள்வி. சேரும்.

மண்வாசனை: நானே பிரித்த பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் பெருக்கித் தெளிக்கலாமா?

கூடாது. திறந்த தொட்டியில் நீங்கள் போட்டதுதான் பெருகும் என்று யார் சொன்னது? பேசில்லஸ் சீரியஸ் பெருகலாம். சிவப்புத் திட்டு தரும் செராட்டியா பெருகலாம். அது பலவீனமானவர்களுக்குத் தொற்று தரும். அடையாளம் தெரியாத எதையும் லிட்டர் கணக்கில் வளர்க்காதீர்கள், மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். இன்னொன்று: கால்நடை அடைப்பான் நோயில் செத்த இடத்து மண்ணைத் தொடவே வேண்டாம். அதைத் தரும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் பி.டி.க்கு நெருங்கிய உறவு, அதன் வித்தும் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

கொம்புவண்டு: டிரம்மில் பெருக்கினால்?

மேலே பாருங்கள்.

ஏர்முனை: சின்ன வாளியில், கொஞ்சமாக?

கூடாது. அளவு அல்ல பிரச்சினை. எது வளர்கிறது என்று தெரியாததுதான் பிரச்சினை.

ஆய்வுமாணவி: படிகம் பார்த்துவிட்டேன் அக்கா! கொல்லுமா என்று எப்படிச் சோதிப்பது?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே வயதுப் புழுக்களை, முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளான குட்டிகளை எடுங்கள். இலைத் துண்டுகளை வித்தும் படிகமும் கலந்த நீரில் நனைத்து, உலர்த்திக் கொடுங்கள். ஒரு அளவுக்கு 30 புழுவாவது வேண்டும், மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். முதலில் தீனி நிற்கும். சில மணி நேரத்திலேயே இலையில் கடித்த தடம் பெருகாமல் நின்றுவிடும். புழுக்குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து, குடல் சுவரில் துளை போடுகிறது. சாவு இரண்டு மூன்று நாளில் வரும்.

ஒப்பீட்டுப் பெட்டியை மறக்காதீர்கள். வெறும் நீரில் நனைத்த இலை, அதே எண்ணிக்கைப் புழு. ஒரு முறை எனக்கு எல்லாப் பெட்டியிலும் புழு செத்தது. இரவு பதினொரு மணிக்குச் சந்தோஷத்தில் குதித்தேன். மறுநாள் காலை ஒப்பீட்டுப் பெட்டியைத் திறந்தால் அதிலும் ஒன்று மிச்சமில்லை. வாங்கிய இலையில் முன்பே யாரோ மருந்து அடித்திருந்தார்கள். அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் ஒரு வருடம் பொய்யைத் துரத்தியிருப்பேன்.

ஒப்பீட்டில் சில புழு தானாகச் சாவது சகஜம். பூச்சியியலாளர் ஆபட் 1925-ல் தந்த திருத்தத்தைப் போடுங்கள். சோதனையில் 55 சதவீதம், ஒப்பீட்டில் 10 சதவீதம் செத்தால், 55-லிருந்து 10 போன 45-ஐ, 100-லிருந்து 10 போன 90-ஆல் வகுங்கள். உண்மைக் கணக்கு 50 சதவீதம். கடைசியாக, செத்த புழுவிலிருந்து அதே பாக்டீரியாவைத் திரும்பப் பிரித்தெடுங்கள்.

மாலைவெயில்: தெளித்த பி.டி. நான்கு நாளில் பலன் இழக்கிறது. ஏன்?

வெயிலின் புற ஊதாக் கதிர். சாயங்காலம் தெளியுங்கள், புழு சிறிதாக இருக்கும்போதே.

கொம்புவண்டு: வேர்ப்புழுவுக்கு மண்ணிலேயே ஏதாவது உண்டா?

உண்டு, இங்கே அந்துப்பூச்சி ஐயா வழியும் என் வழியும் ஒன்றாகின்றன. ஈர மண்ணை டப்பாவில் நிரப்பி, மெழுகு அந்துப்பூச்சியின் புழு ஐந்தாறை உள்ளே விடுங்கள். சில நாளில் செத்தவற்றைப் பாருங்கள். செங்கல் நிறமாகி, நாறாமல், உடல் குலையாமல் கிடந்தால் ஹெட்டரோராப்டிடிஸ் என்ற நுண்ணிய நூற்புழு உள்ளே போயிருக்கலாம். அது சுமந்து வரும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாதான் கொல்கிறது. அந்தப் புழுவை இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பச்சை ஒளி உடல் முழுவதும் தெரியும். முதல் முறை பார்த்தபோது கதவிடுக்கு வெளிச்சமோ என்று துணியால் அடைத்துவிட்டுத் திரும்பினேன். ஒளி அங்கேயே இருந்தது.

பக்கத்தில் நூற்புழு இல்லாத, சூடாக்கிய மண்ணில் அதே எண்ணிக்கைப் புழு ஒரு டப்பா. ஆமாம், ஒப்பீட்டுப் பெட்டிதான்.

அந்துப்பூச்சி: அப்போது செத்த புழுதான் வழி காட்டியது!

மண்ணில் வைத்த புழு, ஐயா. உங்களிடம் சேகரித்த செத்த புழுக்கள் இருந்தால், எந்தப் பயிர், செத்து எத்தனை நாள், கறுத்ததா சிவந்ததா என்று எழுதுங்கள். அதே வயல் மண்ணையும் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் போட்டுப் பார்க்கிறேன்.