இடுப்புத் தறியும் ஆறு வாரமும்

வணக்கம். எனக்கு ஆறு வாரம் விடுப்பு இருக்கிறது. குவாத்தமாலாவில் மாயா நெசவுப் பெண்களுக்கு எழுத்தறிவு தந்து, துணியை வெளியே விற்கவும் உதவும் ஓர் அமைப்பில் தன்னார்வலராகச் சேரலாம் என்று நினைக்கிறேன். ஸ்பானியம் கொஞ்சம் வரும். அவர்களுக்கு நிஜமாகவே பயன் உண்டா, இல்லை நான் ஊர் பார்த்ததுதான் மிச்சமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

போங்கள். ஆனால் எழுத்துச் சொல்லித்தரப் போகாதீர்கள். அங்கே மாயா மொழிகள் மட்டும் 22. கிச்சே, கக்சிக்கேல் பேசும் வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானியம் இரண்டாவது மொழி, உங்களுக்கு மூன்றாவது. இரண்டு பேருக்கும் அரைகுறையான மொழியில் ஆறு வாரத்தில் என்ன ஏறும்? அதை உள்ளூர்ப் பெண் ஒருத்தி வருடக்கணக்கில் செய்யவேண்டும். அவள் சம்பளத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தால் அது உதவி.

அத்தித்லான் ஏரிக்கரையில் ஓர் அம்மா நெய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தறியின் ஒரு முனை வீட்டுத் தூணில், மறுமுனை அவர் இடுப்புப் பட்டையில். முன்னால் சாய்ந்தால் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தளரும், பின்னால் சாய்ந்தால் இறுகும். பூவேலைக்குப் பாவு நூலை விரலால் எண்ணி எண்ணி எடுத்தார். நடுவில் பேரன் சோளரொட்டி கேட்டான். அவனை அதட்டினார், எண்ணிக்கை பிசகவில்லை. எனக்கு ஏழாவது நூலிலேயே கண் கட்டிவிட்டது.

அதே அம்மா சறுக்கியது ஆர்டர் தாளில். 40 செ.மீ. கேட்டிருந்தார்கள். அவர் கையால் அளந்து நெய்தது 38. வாங்கியவர் மொத்தத்தையும் திருப்பிவிட்டார். உங்களுக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. படம் போட்ட ஆர்டர் தாள், நிற நூல் ஒட்டிய அட்டை, நூலுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு கணக்கு நோட்டு. இதெல்லாம் ஆறு வாரத்தில் முடியும், நீங்கள் கிளம்பிய பிறகும் ஓடும்.

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்கு வியாழன் அல்லது ஞாயிறு போவீர்கள். கையால் நெய்த ஒரு வீப்பில், அதாவது அவர்கள் அணியும் மேல்சட்டை, மாதக்கணக்கான உழைப்பு. தயவுசெய்து பேரம் வேண்டாம்.

கெட்சால்தெனாங்கோ நகரில் ‘ட்ராமா’ என்ற பெண்கள் கூட்டமைப்பு உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே, 1988-இல் தொடங்கியது. ட்ராமா என்றால் ஊடை, பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல். வருகிறவர்களுக்கு இடுப்புத் தறி சொல்லித்தருகிறார்கள். முதல் வாரம் காசு கட்டி அங்கே மாணவியாக உட்காருங்கள். முதுகு வலித்த பிறகு விலைச்சீட்டு எழுதலாம்.

அப்புறம், அளவு டேப் நாலைந்து எடுத்துப்போங்கள்.